கொட்டகையில் கிடந்த மோரிஸ் மைனர்



பிரான்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில் பாயோன் என்னும் குடும்பத்தாரின் பண்ணை ஒன்று இருந்தது. லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்திய ரோஜர் பாயோன் என்பவர், பழைய கார்களின் மேல் கொண்ட ஆசையால், 1950களிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி அங்கே சேர்த்து வைத்தார். கார்களுக்கென்று ஒரு பொருட்காட்சிச் சாலை அமைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1970களில் தொழில் நொடித்தது. பல கார்கள் கைமாறின. எஞ்சியவை கொட்டகைகளில் அப்படியே நின்றுவிட்டன. 2014ஆம் ஆண்டு பாரிஸ் ஏல நிறுவனத்தார் அங்கே போய்ப் பார்த்தபோது, ஏறத்தாழ அறுபது கார்கள் கொடி படர்ந்தும் துருப்பிடித்தும் கிடந்தன. அவற்றுள் ஒரு பெராரி, பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் மறைந்திருந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அந்த ஒரு கார் மட்டும் ஒரு கோடியே 63 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று.

இதைக் கேட்டுவிட்டு யாரும் நம் தோட்டத்துக் கொட்டகைகளைத் துழாவப் புறப்பட வேண்டாம். நம்மிடம் பெராரி கிடைக்காது. கிடைத்தால் ஒரு மோரிஸ் மைனர் கிடைக்கும். அதுவும் கதவைத் தொட்டால் கையோடு வரும் நிலையில் கிடைக்கும். அப்படிப்பட்ட ஒரு வண்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தெப்ராவ் வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பர்க் காடாக இருந்து பின்பு செம்பனைத் தோட்டமாக மாறிய நிலமெல்லாம், இன்று வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளுமாகிவிட்டது. ஒரு தோட்டம் விலையாகிறபோது லயங்கள் போகின்றன, கோயிலைப் பற்றிப் பேச்சுவார்த்தை நடக்கிறது, பள்ளிக்கு வேறிடம் தேடுகிறார்கள். ஸ்டோரையும் புகைக்கூடத்தையும் அவற்றின் பின்னாலுள்ள தகரக் கொட்டகைகளையும் பற்றி யாரும் பேசுவதில்லை. அவற்றுக்குள் இருப்பதெல்லாம் பழைய இரும்புக் கடைக்காரரின் லாரியில் ஏறிவிடும். நாம் சொல்லும் கொட்டகைக்கும் அப்படி ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான், உள்ளே ஒரு கார் இருக்கிறது என்ற பேச்சே எழுந்தது.

மோரிஸ் மைனர் என்ற பெயர் இன்றைய பிள்ளைகளுக்குப் புதிது. அது 1948ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் கார்க் கண்காட்சியில் அறிமுகமான சிறிய பிரிட்டிஷ் கார். அதை வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். பின்னாளில், 1959இல், மினி காரையும் உருவாக்கியவர் இவரே. மாதிரி வண்டியைக் கட்டி முடித்த பிறகு, அகலம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. உடனே வண்டியை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, இரு பாதிகளையும் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குல இடைவெளி வந்ததும் போதும் என்றாராம். அந்த நான்கு அங்குலம் பானெட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டையாக இன்றும் கண்ணுக்குத் தெரியும். கம்பெனியின் தலைவர் நப்பீல்ட் பிரபுவுக்கு இந்த வண்டி பிடிக்கவே இல்லை. வேகவைத்த முட்டையைப் போலிருக்கிறது என்று கேலி செய்தார். ஆனால் பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் 16 இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன. தமிழ்ப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய அம்பாசடர், இதற்கு நெருங்கிய உறவு. மோரிஸ் ஆக்ஸ்போர்ட் என்ற வண்டியை வைத்து இந்தியாவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்டது அது.

மலாயாவில் இந்த மைனரை வாங்கியவர்கள் பெரிய துரைமார் அல்லர். ஆசிரியர்களும் கிராணிமார்களும் டிரெசர்களும் கடன்பட்டு வாங்கினார்கள். நம் கொட்டகை வண்டியும் ஒரு கிராணியாருடையதே. 1958ஆம் ஆண்டு வாங்கியது, 948 சி.சி. என்ஜின். திரும்பும் பக்கத்தைக் காட்டுவதற்கு விளக்கு மின்னாமல், கதவுக்கு அருகிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீளும் வகை. 1970களின் நடுவில் கிராணியார் காலமான பின்பு, வண்டி கொட்டகைக்குப் போயிற்று.

முதற்கேள்வி, வண்டி யாருடையது என்பது. கேட்பாரற்றுக் கிடக்கும் கார் கண்டெடுத்தவருக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஐம்பது ஆண்டு கிடந்தாலும் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. அவர் இறந்துவிட்டால் வாரிசுகளுடையது. இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை மாற்றுவதற்கு, அமானா ராயா வழியாகவோ நீதிமன்றத்தின் வழியாகவோ வாரிசுரிமைப் பத்திரம் பெற வேண்டும். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். இதையெல்லாம் முடிக்காமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால், பிறர் பொருளைப் பிரித்துப் போட்டவராவோம்.

ஆகவே நாங்கள் கிராணியம்மாவைப் பார்க்கப் போனோம். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். பேரன் சிங்கப்பூரில் வேலை. பழைய இரும்புக் கடைக்காரர் சில நூறு வெள்ளி தருவதாகச் சொன்னதை அவரே தொலைபேசியில் பேசி முடித்திருந்தார். கிராணியம்மா நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டார். பிறகு, "அவர் சம்பளத்தில் மாசா மாசம் பிடித்துக் கட்டின வண்டி, வாத்தியாரே. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, உடைத்து உருக்க மட்டும் வேண்டாம்" என்றார். பேரனோடு அவரே பேசினார். பத்திரமும் புத்தகமும் அவர் பெயருக்கு மாற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. வண்டி அதுவரை பள்ளிக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

இடையில் எதிர்ப்பும் வந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எங்கள் பழைய மாணவர்கள் ஆறு பேர் சனிக்கிழமைதோறும் இந்த வேலைக்கு வர ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனின் பாட்டி, முப்பது ஆண்டு பால் வெட்டியவர், பள்ளிக்கே வந்துவிட்டார். "அந்தக் கார் எதிரே வந்தால் எங்கள் வீட்டு ஆம்பிளைகள் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அதைத் துடைத்துப் பளபளப்பாக்க எங்கள் பிள்ளைதான் கிடைத்தானா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் காரென்பது போக்குவரத்து மட்டுமன்று. யார் மேலே, யார் கீழே என்பதற்கு அடையாளமாகவும் இருந்தது. ஆனால் அன்று கூட வந்திருந்த இன்னொரு அம்மாள், தம்முடைய மூத்த மகன் பிறந்த இரவில் அதே வண்டியில்தான் ஜொகூர் பாரு மருத்துவமனைக்குப் போனதாகச் சொன்னார். இருவரும் சொன்னது உண்மை. பாட்டி சமாதானமாகிவிடவில்லை, பேரனை மட்டும் தடுக்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

நெடுங்காலம் மூடிக் கிடந்த வண்டியின் அருகே போகும்போது முதலில் வேண்டியது கருவியன்று, ஒரு நீண்ட கம்பு. இருக்கைக்கு அடியிலும் பானெட்டுக்குள்ளும் பாம்பு, தேள், குளவிக்கூடு எதுவும் இருக்கலாம். எங்களுக்கு எலிக்கூடு கிடைத்தது; பழைய மின்கம்பிகளின் துணி உறையைக் கடித்தே அந்தக் கூடு கட்டப்பட்டிருந்தது. அடுத்து, எதையும் கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய நட்டையும் போல்டையும் ஒரே வாளியில் போட்டால் அன்றோடு வேலை கெட்டது. எங்களிடம் பழைய பால் மங்குகள் நிறைய இருந்தன. ஒரு பாகத்திற்கு ஒரு மங்கு, அதில் ஒரு துண்டுச் சீட்டு என்று பலகையில் வரிசையாக அடுக்கினோம். நூற்றுப் பத்து மங்குகள் ஆயின. மரத்தை விட்டுப் பிரிந்த மங்குகளுக்கு அப்படி ஒரு புதுப் பணி கிடைத்தது.

வேலையை நடத்தித் தந்தவர் ஆலையில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். பையன்களுக்கு அவர் போர்மன் மாமா. வண்டிக்கு அடியில் போவதைப் பற்றி அவர் ஒரு சட்டம் வைத்தார்: ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாருடைய கையும் போகக் கூடாது. இரும்புத் தாங்கிகளைக் கொடுத்து, அதற்கும் மேலாகக் கனமான கட்டைகளை முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். வீட்டு முற்றத்தில் கார் பழுது பார்ப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி நழுவி நசுங்கி இறப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

என்ஜின் இறுகிக் கிடந்தது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர்ச் சுவரும் துருவால் ஒட்டிக்கொண்டால் இப்படியாகும். டிராக்டரில் கட்டி இழுத்தால் தானே சுற்றும் என்று வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் யோசனை சொன்னார். "இழுத்தால் சுற்றாது, உடையும்" என்று போர்மன் சொல்லிவிட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசல் கலந்த மெல்லிய எண்ணெயை ஊற்றி மூடிவைத்தார். வாரம் ஒரு முறை எண்ணெய் ஊற்றுவது, முன்புறத் துளையில் கைப்பிடியை மாட்டி மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது, அசையாவிட்டால் விட்டுவிடுவது. ஐந்தாம் சனிக்கிழமை, கைப்பிடி விரற்கடை அளவு நகர்ந்தது. பையன்கள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஆள் வந்துவிட்டது.

பெட்ரோல் டாங்கியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய பெட்ரோல் கெட்டுப் பிசினாகி வார்னிஷ் வாடை வீசும். அதை வடித்துவிட வேண்டும். டாங்கியில் ஓட்டை இருந்தால் உடனே வெல்டிங் வைக்கக் கூடாது. காலியாகத் தெரியும் டாங்கிக்குள் ஆவி தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டால் வெடிகுண்டுதான். எங்களுடையதைப் பழகிய பட்டறைக்கே கொடுத்தோம்.

துருவுக்கு வருவோம். இரும்பும் ஈரமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துரு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலால் இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில் புகுந்தால் மடிப்பையே பிளந்துவிடும். மைனருக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம். எனவே கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும், தரைத் தகடும், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடமும் இற்றுப்போனால், மேலே எவ்வளவு வண்ணம் பூசினாலும் அது கார் அன்று, காரைப் போன்ற ஒன்று. மெழுகும் பசையும் வைத்து ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. காந்தத்தைக் கொண்டு தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. சிறு பாகங்களின் துருவை நீக்க, சமையலுக்கு வைத்திருக்கும் புளிக்காடி போதும். ஓரிரவு ஊறவைத்து, தேய்த்து, சோடா நீரில் அலசி, உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும். ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலமும் துருவைக் கரைக்கும் என்று பையன்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். உண்மைதான், அது தோலையும் கண்ணையும் கரைக்கும். வேண்டாம் என்றோம்.

ரப்பரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து பெருகியவையே நம் முன்னோர் வெட்டிய மரங்களில் பெரும்பாலானவை. அவர்கள் வெட்டிய பால், சீட்டாகிக் கப்பலேறி, இங்கிலாந்தில் டயராகவும் கதவு விளிம்பாகவும் என்ஜினைத் தாங்கும் மெத்தையாகவும் பிரேக் சிலிண்டருக்குள்ளிருக்கும் சிறு குல்லாயாகவும் உருமாறி, இத்தகைய கார்களில் ஏறி மறுபடி மலாயாவுக்கே வந்தது. பையன்களிடம் இதைச் சொன்னபோது, பாட்டியோடு வந்தவன் மட்டும் வெடித்துப்போன கதவு ரப்பரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ரப்பர் ஏன் வெடிக்கிறது? காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் வெயிலும் அதன் நீண்ட இழைகளை அறுக்கின்றன. எனவே பழைய காரின் டயரில் பட்டை ஆழமாக இருந்தாலும் நம்பக் கூடாது. இன்னொன்று, எண்ணெய் அதற்குப் பகை. வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். நீங்களும் பெரியவர் துணையோடு, அடுப்புக்கு எட்டத்தில், செய்து பார்க்கலாம். ஒரே அளவில் வெட்டிய இரண்டு ரப்பர் சீட்டுத் துண்டுகளில் ஒன்றைப் பெட்ரோலிலும் மற்றொன்றைப் பிரேக் எண்ணெயிலும் போட்டு மூடிவைத்தோம். மறுநாள் பெட்ரோலில் கிடந்தது ஊதிப் பெருத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. பிரேக் எண்ணெயில் கிடந்ததில் பெரிய மாற்றமில்லை. பெயர் எண்ணெயானாலும் அது நிலத்தடி எண்ணெய் வகையன்று. அவசரத்துக்குப் பிரேக் டப்பாவில் என்ஜின் எண்ணெயை ஊற்றுகிறவர்கள், உள்ளே இருக்கும் ரப்பர்க் குல்லாயை அந்தப் பெட்ரோல் துண்டின் கதிக்கு ஆளாக்குகிறார்கள். குல்லாய் ஊதினால் பிரேக் பிடித்துக்கொள்ளும். கிழிந்தால் பிடிக்கவே பிடிக்காது.

பிரேக் முடியும்வரை என்ஜினை எழுப்பக் கூடாதென்பது போர்மனின் இரண்டாவது சட்டம். பையன்கள் முணுமுணுத்தார்கள். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதைக் கழற்றவே இரண்டு சனிக்கிழமை போயிற்று. சக்கர உருளைகளைத் திறந்தபோது உள்ளிருந்த தூசியை ஊதவோ காற்றடிக்கவோ விடவில்லை. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துக் கொல்லும். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினோம். குழாய்கள், குல்லாய்கள், கட்டைகள் யாவும் புதியவை.

இவ்வளவு பழைய வண்டிக்குப் புதுப் பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். இலங்கையில் இந்த மைனர் நெடுங்காலம் மக்கள் வண்டியாக இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், 1990களில் இலங்கைத் தொழில்முனைவோர் ஒருவருடன் சேர்ந்து, இதன் தகடுகளையும் பாகங்களையும் அங்கேயே செய்ய ஏற்பாடு செய்தார். இங்கிலாந்தில் பிறந்த வண்டிக்கு இலங்கையில் செய்த பாகம் கடல் கடந்து போயிற்று! இன்றைக்கும் உலகெங்கும் இதற்குப் பாகம் விற்போர் இருக்கிறார்கள். எங்கள் செலவு பெரும்பாலும் பிரேக்கிலும் தகட்டிலும் போயிற்று. சொல்லப்போனால், செலவழித்த தொகைக்கு ஓடுகிற பழைய மைவி ஒன்றை வாங்கியிருக்கலாம். இலாபத்துக்காக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே.

பிறகு எதற்காக? கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவின் கதையைப் பையன்களுக்கு ஒரு நாள் சொன்னோம். கலங்கல் கிராமத்துப் பையனான அவர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, கோவைக்குப் போய் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கினார். வாங்கி ஓட்டியதோடு நிற்காமல், பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பேருந்தை விட்டவர், பிற்காலத்தில் பெரிய தொழிலதிபரானார். அவர் குடும்பத்தார் 2015இல் கோவையில் திறந்த கார் அருங்காட்சியகம் இன்றும் பலர் பார்க்கும் இடம். இன்றைய கார்களைப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. பானெட்டைத் திறந்தால் மூடிக்கு மேல் மூடி. மைனரில் கார்புரேட்டர், பிளக், டைனமோ எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. எதற்கு எது என்று கையாலேயே அறியலாம். எங்கள் ஆறு பேரில் இருவர் இப்பொழுது பாசிர் கூடாங் தொழிற்பயிற்சிக் கழகத்தில் திறன் சான்றிதழுக்குப் படிக்கிறார்கள். ஒருவன், வீட்டில் எவ்வளவு சொல்லியும், பாதியில் விட்டுச் சிங்கப்பூர்க் கிடங்கொன்றில் வேலைக்குப் போய்விட்டான்.

மின்சாரம் பற்றி ஒரு சொல். அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் கூட்டல் முனையைத்தான் உடலோடு இணைத்திருப்பார்கள். இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. பழக்க தோஷத்தில் கழித்தல் முனையை மாட்டினால் வேலை கெடும். அதேபோல், இவ்வண்டிகள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பெட்ரோல் 2021இல் உலகின் கடைசி நாட்டிலும் விற்பனையிலிருந்து நீங்கியது. குழந்தைகளின் மூளைக்குக் கேடு என்பதால் அது போனது நல்லதே. இன்றைய பெட்ரோலில் ஓட்டினால் வால்வு இருக்கைகள் விரைவில் தேயக்கூடும். மெதுவாக ஓட்டுபவருக்கு உடனடிக் கவலையில்லை.

வண்ணத்தில் ஒரு சிறு சச்சரவு. பையன்களுக்குச் சிவப்பு வேண்டும். இருக்கைக்கு அடியில் மறைந்திருந்த பழைய சாம்பல் நிறத்தைக் கண்ட கிராணியம்மா, "அவர் சிவப்பு வண்டியில் போய் நான் பார்த்ததில்லை" என்றார். சாம்பல் நிறமே நின்றது.

சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. கார்புரேட்டர் நிறைந்ததும் சத்தம் அடங்கியது. மூன்றாம் முறை என்ஜின் பிடித்தது. அன்று போர்மன் வண்டியைப் பத்தடி முன்னே விட்டு நிறுத்தினார், பத்தடி பின்னே விட்டு நிறுத்தினார், இப்படியே அரைமணி நேரம். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இதை ஓட்டக் கூடாதென்பது எங்கள் எண்ணம். இடைவார் கிடையாது, பிரேக்கை உதைத்துத்தான் நிறுத்த வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் பரிசோதனையும் சாலை வரியும் காப்புறுதியும் முடிந்த பிறகு, தைப்பூசத்தன்று கோயில்வரை போய் வந்தது. முன் இருக்கையில் கிராணியம்மா. பின்னால் அந்தப் பாட்டியை ஏறச் சொன்னோம். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று நடந்தே வந்தார்.

இப்பொழுது எஞ்சியிருப்பது பராமரிப்பு. மைனரின் முன் சக்கரங்களைத் தாங்கும் கால்களில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. அவற்றுக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரையாணி தேய்ந்து, ஓடும்போதே கால் மடங்கிச் சக்கரம் சாய்ந்துவிடும். இந்த வண்டிக்குப் பேர்போன வியாதி அது. ஆயிரம் மைல் ஆகுமுன் ஒரு முறை, வண்டி ஓடாமல் நின்றாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறோம். அடுத்த முறை கிரீஸ் துப்பாக்கி பிடிக்க வேண்டியவன், அந்தப் பாட்டியின் பேரன்.